நிறுத்தத் தெரியாத ரத்தம்

லிங்கம்,

போன மாதம் நீ அனுப்பிய செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது. "எப்பா, நாளைக்கு அவங்க வரும்போது ஹால்ல அக்கா போட்டோ இருக்க வேண்டாம். பெறகு பேசிக்கிடலாம்." அவ்வளவுதான். கீழே கும்பிடுகிற கை ஒன்று. அதை நான் உன் அம்மாவிடம் காட்டவில்லை. மறுநாள் காலையில் அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து ஸ்டூலில் ஏறி, மாலையைக் கழற்றி, போட்டோவை இறக்கி, பீரோவுக்கு மேலே சூட்கேசுக்குப் பின்னால் கவிழ்த்து வைத்தேன். அவள் வந்தாள். சுவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். ஈரத் தலையோடு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

குற்றாலத்தில் நல்ல சீசன். ஈரோட்டிலிருந்து வந்த நித்யாவையும் அவளுடைய அப்பா அம்மாவையும் நீ ஐந்தருவிக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் குளிக்க வைத்து, மதியச் சாப்பாட்டுக்குத் தென்காசியில் நம் வீட்டில் கொண்டுவந்து சேர்த்தாய். எல்லோரும் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். அம்மா மோர் ஊற்றிக்கொண்டு வரும்போது நித்யாவின் அம்மா கேட்டார்கள். நல்ல மனுஷி, சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார்கள்: "உங்களுக்கு இவரு ஒருத்தரு மட்டுந்தானுங்களா?" நீ இலையைப் பார்த்தபடி இருந்தாய். நான்தான் வாயைத் திறந்தேன். "ஆமா, ஒத்தப் பையன்தான்." அம்மாவின் கையில் கரண்டி ஒரு நொடி அந்தரத்தில் நின்றது. பிறகு அடுத்த இலைக்கு மோர் போயிற்று. உன் அக்கா உலகம்மாள் செத்து ஆறு வருஷம் ஆகிறது. அன்றைக்குத்தான் அவள் பிறக்கவே இல்லை என்று ஆக்கினோம், நீயும் நானும் சேர்ந்து.

அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் "மீட்டிங்ல இருக்கேன்பா" என்று வைத்துவிடுவாய். அடுத்த மாதம் உனக்கும் நித்யாவுக்கும் கல்யாணம். இந்த நேரத்தில் தகப்பன் எழுதும் கடிதத்தில் வாழ்த்து நிறைய இருக்க வேண்டும். இதில் இருக்காது. உனக்குத் தெரிந்த சிலதும், ஒரு ஜீவனுக்கும் நான் இதுவரை சொல்லாத ஒன்றும் இதில் இருக்கின்றன. பாதியில் மடித்து வைக்காமல் கடைசிவரை படி.

நம் வீட்டில் ரத்தத்தைப் பற்றி ஒரு பெருமை உண்டு, உனக்கே தெரியும். என் அப்பா புளியறைக்கு மேலே மலையில் மரம் வெட்டும் கூப்பில் மேஸ்திரியாக இருந்தவர். கூட வேலை பார்த்தவர்கள் எல்லோரும் மலைக்காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு கீழே இறங்குவார்களாம். அவர் மட்டும் ஒரு நாள்கூடப் படுத்ததில்லை. "நம்ம ரத்தத்தக் கண்டா காய்ச்சல் பயப்படும்லே" என்பார். நான் சுகாதாரத் துறையில் மலேரியாப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தது அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்த பிறகுதான். வீடு வீடாகப் போய்க் காய்ச்சல்காரர்களின் விரலைக் குத்தி, கண்ணாடித் துண்டில் ரத்தம் தேய்த்து எடுத்துவந்து கொடுப்பது என் வேலை. கேரளாப் பக்கம் எந்தக் காய்ச்சல் கிளம்பினாலும் எங்களைப் புளியறைச் சோதனைச்சாவடியில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். லாரியை நிறுத்தி ஓட்டுநரின் நெற்றியில் கருவியைக் காட்டுவோம். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேருடைய காய்ச்சலுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன், எனக்கு ஒன்றும் வந்ததில்லை. உன்னிடமும் உலகுவிடமும் என் அப்பாவின் வசனத்தையே நானும் சொன்னேன். நீங்கள் சிரிப்பீர்கள். எனக்கு அது சிரிப்பு இல்லை. உள்ளுக்குள் நம்பினேன்.

உலகு போலீஸ் வேலைக்குத் தயாரானது உனக்கு ஞாபகம் இருக்கும். அப்போது நீ கோயம்புத்தூரில் காலேஜில் இருந்தாய். எழுத்துத் தேர்வில் பாஸாகிவிட்டாள். உடல் தகுதிக்காக விடிந்ததும் பள்ளிக்கூட மைதானத்தில் ஓடப் போவாள், வெயில் ஏறிய பிறகுதான் திரும்புவாள். கன்னம் இரண்டும் மூக்குத் தண்டும் சிவந்துபோய் இருக்கும். "போலீஸ்காரிக்கு இப்பவே வெறப்பு வந்துட்டு" என்று நான் கேலி செய்வேன். கொஞ்ச நாளில் காலையில் எழுந்தால் அவளால் விரலை மடக்க முடியவில்லை. அம்மாதான் அவளுக்குத் தலை பின்னிவிட்டாள். சாயங்காலம் சரியாகிவிடும், அதனால் நான் அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. திருநெல்வேலியில் உடல் தகுதித் தேர்வு நடந்த அன்று நானும் கூடப் போயிருந்தேன். ஓட்டத்தில் பாதி தூரம் முதல் ஆளாக வந்தவள் திடீரென்று நின்றாள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மற்ற பெண்கள் அவளைத் தாண்டி ஓடினார்கள்.

திரும்பும் பஸ்ஸில் நான் அவளோடு பேசவில்லை. பாவூர்சத்திரத்தில் காய்கறி மூட்டை ஏற்றுவதற்காகப் பஸ் நெடுநேரம் நின்றது. அங்கே வைத்து அவள் மெதுவாகச் சொன்னாள்: "எப்பா, ஓடணும்னுதான் நெனைக்கேன். முட்டு விடமாட்டேங்கு." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நடிக்காதட்டி. உனக்கு ஒடம்பு வளையல. வயக்காட்டுல நாத்து நட்டவ பேத்தி, வெயில்ல ஓடுனதுக்கு முட்டு வலிக்காம்." பஸ்ஸில் முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். லிங்கம், உனக்கு நான் சொல்லும் ஒரே புத்திமதி என்று எதையாவது எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள். உன் வீட்டில் ஒருத்தி முடியவில்லை என்றால் முடியவில்லை என்றே நினை. அவள் நடிப்பதாக உனக்குத் தோன்றினால் அது உன் மனசின் கோளாறு.

அதன் பிறகு காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. நானே அவள் விரலைக் குத்தி ரத்தம் எடுத்தேன். மலேரியா இல்லை. டெங்கு இல்லை, சிக்குன்குன்யா இல்லை. தென்காசியில் மூன்று டாக்டர்களைப் பார்த்தோம். ஆளுக்கு ஒரு வலி மாத்திரை கொடுத்தார்கள். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. ஒரு நாள் காலையில் முகம் அதைத்து, கால் வீங்கி எழுந்தாள். திருநெல்வேலியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சிறுநீரில் புரதம் போகிறது என்றார்கள், சிறுநீரகத்திலிருந்து ஊசியால் துளிச் சதை எடுத்துப் பார்த்தார்கள், கடைசியில் லூபஸ் என்று பெயர் சொன்னார்கள். கிருமியை அடிக்க வேண்டிய உடம்பு தன்னையே அடிக்கிற நோய். அந்த வார்த்தையைக் கேட்டதும், ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டே உன் அம்மாவிடம் கேட்டேன்: "உங்க வீட்டுல யாருக்குட்டி இந்த மாதிரி இருந்துச்சு?" அதோடு நான் விடவில்லை. இலத்தூரில் இருக்கிற அவள் அண்ணன் வீட்டுக்குப் போய் அவர்களையும் விசாரித்தேன். நோய் அவள் பக்கத்து ரத்தத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு அவ்வளவு உறுதி.

அங்கே சிகிச்சை பார்த்த டாக்டரம்மா நேரம் எடுத்துப் பேசுகிறவர். நான் "ஏன் என் மகளுக்கு?" என்று மூன்றாவது தடவை கேட்டபோது நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். "அண்ணாச்சி, நீங்க மலேரியா வேலை பாத்தவங்கதான, உங்களுக்குப் புரியும். கிருமிய எதுக்குற செல்லுங்க மேல ஏற்பின்னு நெறைய இருக்கு. சிலது அந்தச் செல்ல வேலை செய்யத் தூண்டும். சிலது போதும்னு நிறுத்தும். ரத்தத்துல எதிர்ப்புப் பொருள் வேண்டிய அளவு சேந்ததும் அது போயி அந்த நிறுத்துற ஏற்பியில ஒட்டும். ஒட்டுனா செல்லு அடங்கிரும், மேல மேல உண்டாக்காது. சில பேருக்குப் பிறவியிலேயே அந்த ஏற்பி லேசா மாறி இருக்கும். நிறுத்துற வேலைய அது சரியாச் செய்யாது. அப்ப கிருமி போன பெறகும் செல்லு அடங்காது. தோலு, மூட்டு, கிட்னின்னு சொந்த ஒடம்பு மேலயே பாயும்."

"அப்பிடி ஒரு கோளாறு எதுக்கு மேடம் மனுஷனுக்கு இருக்கணும்?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "கோளாறுன்னு மட்டும் சொல்ல முடியாது. மலேரியா ரொம்பக் காலமா இருந்த நாடுகள்ல இந்த மாறுன ஏற்பி கூடுதலாக் காணுதுன்னு ஆராய்ச்சியில சொல்லுதாங்க. நிறுத்துறது குறைவா இருந்தா மலேரியாக் கிருமிய ஒடம்பு நல்லா அடிக்கும். அந்தப் பிள்ளைங்க பொழைச்சு வளந்து அத அடுத்த தலைமுறைக்குக் குடுத்திருக்கலாம். அதே குணந்தான் லூபஸ் வர்றதுக்கும் வழி விடுது. உங்க மகளுக்கு இதுதான்னு நான் சொல்லல. அந்தப் பரிசோதனைய இங்க எடுக்கிறதும் இல்ல. இது ஒரே காரணத்துல வர்ற நோயும் இல்ல. பல ஜீன் சேரணும், வெயில், ஹார்மோன்னு எத்தனையோ சேரணும். ஏன்னு கேட்டீங்க, தெரிஞ்சதச் சொன்னேன்." பிறகு மாத்திரைச் சீட்டை என் முன்னால் வைத்து விரலால் தட்டினார். "இது எல்லாச் செல்லையும் சேத்து அடக்கும். அதனால சாதாரணக் கிருமிகூட உள்ள வந்துரும், காய்ச்சல்னா உடனே வரணும். அதுக்காகப் பயந்துக்கிட்டு நீங்களாக் குறைக்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. நோய் திரும்ப எந்திரிச்சா கிட்னி தாங்காது."

இதைக் கேட்டு எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? எனக்குப் பெருமை வந்தது. கேவலம்தான், ஆனால் வந்தது. கூப்பில் காய்ச்சல் வராமல் நின்ற என் அப்பா, சோதனைச்சாவடியில் நின்ற நான், எல்லாம் ஒரே ரத்தம் என்று மனசு கோடு போட்டது. டாக்டரம்மா சொன்ன 'இருக்கலாம்', 'சொல்லல' எல்லாம் என் காதில் விழவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் உலகுவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கதையை முழுக்கச் சொன்னேன். "நம்ம ரத்தத்துக்கு வீரியம் ஜாஸ்திம்மா. அதான் நிறுத்தத் தெரியல." அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எப்பா, எனக்கு மலேரியாவே வந்திருக்கலாம்ப்பா. அதுக்கு ஒங்ககிட்ட மாத்திரையாவது இருக்கு." உன் அம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் வீட்டு ரத்தத்தைக் குறை சொன்னதற்கு நான் அன்றைக்காவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மாத்திரை நன்றாகக் கேட்டது. நாலு மாதத்தில் வீக்கம் வடிந்தது, மூட்டு வலி போயிற்று, சிறுநீரில் புரதம் குறைந்துவிட்டது. ஆனால் ஸ்டீராய்டால் முகம் வட்டமாக ஊதி, மேலுதட்டில் ரோமம் கறுத்துவிட்டது. அந்த நேரத்தில்தான் செங்கோட்டைப் பக்கத்திலிருந்து அந்தச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை போலீஸ், அவன் அப்பா ராணுவத்தில் இருந்தவர். பெண்ணின் பழைய போட்டோவைப் பார்த்துப் பிடித்துப்போய் நேரில் பார்க்க வருகிறோம் என்றார்கள். நோயைப் பற்றி நான் அவர்களிடம் மூச்சுவிடவில்லை. நீ சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. போனில் உன்னிடம் புலம்பினேன். நீ சொன்னாய்: "எப்பா, டோஸக் கொஞ்சம் கொறச்சா மூஞ்சி வத்திரும்னு நெட்ல போட்டிருக்கான். டாக்டர்கிட்ட கேட்டுப் பாருங்க." நீ சொன்னது அதுதான். டாக்டர்கிட்ட கேளுங்க என்றும் சேர்த்துத்தான் சொன்னாய். அதை நான் நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன், நீ மறந்திருந்தாலும்.

நான் கேட்கவில்லை. குறைக்கவும் இல்லை. இனி எழுதுவதை நிதானமாகப் படி. உலகுவின் மாத்திரைகளைத் தினமும் எடுத்துக் கொடுப்பது நான்தான். அத்தனை வருஷம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மாத்திரை கொடுத்தவன் என்பதால் அவளும் அதை என்னிடமே விட்டிருந்தாள். நான் மருந்துக்கடையில் அதே அளவில், அதே வெள்ளையில் ஒரு சத்து மாத்திரை வாங்கினேன். ஸ்டீராய்டுக்குப் பதிலாக அதை உறையிலிருந்து பிதுக்கி அவள் கையில் வைத்தேன். அவள் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். மறுநாளும் கொடுத்தேன். ஒரு மாதம் மட்டும், பெண் பார்த்துவிட்டுப் போகட்டும், பிறகு பழையபடி கொடுத்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் சம்மதித்திருக்கமாட்டாள். டாக்டரம்மா சொன்னதை அவள் என்னைவிடக் கவனமாகக் கேட்டிருந்தாள்.

முதலில் ரொம்பச் சோர்வாக இருக்கிறது என்றாள். பிறகு முகம் வற்றத் தொடங்கியது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நீ அந்த வாரம் வந்திருந்தாய். அவளைப் பைக்கில் வைத்துப் பழைய குற்றாலத்துக்குக் கூட்டிப்போனாய். அருவியில் ஆள் இல்லை, சாரல் மட்டும் இருந்தது என்று வந்து சொன்னாள். நீங்கள் இருவரும் வாங்கிவந்த பலாச்சுளையை நால்வரும் சேர்ந்து தின்றோம். பெண் பார்க்க வந்தவர்களுக்கும் பிடித்துவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா போகும்போது என் கையைப் பிடித்து, "அண்ணாச்சி, பிள்ளைய நல்லா வளத்திருக்கிய" என்றார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாசல்வரை போய் வழியனுப்பினேன்.

நிச்சயமும் முடியட்டும் என்று அதே சத்து மாத்திரையையே கொடுத்துவந்தேன். அடுத்த பன்னிரண்டாவது நாள் அவளுக்கு மூச்சு வாங்கியது. கால் இரண்டும் அமுக்கினால் குழிவிழும் அளவுக்கு வீங்கிவிட்டன. திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா ரிப்போர்ட்டுகளைப் பார்த்துவிட்டு நம்ப முடியாமல் கேட்டார்: "மாத்திரை ஒழுங்காச் சாப்பிட்டாங்களா?" உலகு மூச்சுக்கு நடுவில் அவளே சொன்னாள்: "ஒரு வேளகூட விடல மேடம். அப்பாதான் எடுத்துத் தருவாங்க." டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். வாயால்கூடச் சொல்லவில்லை லிங்கம், தலையைத்தான் ஆட்டினேன். மாத்திரையையும் மீறி நோய் ஏறிவிட்டது என்று அவர்கள் முடிவு செய்தார்கள். வேறெப்படி முடிவு செய்வார்கள்? அதைவிடக் கடுமையான மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். அந்த மருந்தில் உடம்பின் காவல் முழுக்க அடங்கியது. இரண்டாவது வாரத்தில் நுரையீரலில் கிருமி இறங்கியது. அதன் பிறகு ஒன்பது நாள். ஒரு வியாழக்கிழமை மத்தியானம், பக்கத்துக் கட்டில்காரர்களுக்குச் சாப்பாடு வந்துகொண்டிருந்த நேரத்தில், முடிந்துபோயிற்று.

ஆஸ்பத்திரியில் சேர்த்ததிலிருந்து எந்த நாளிலும் நான் டாக்டரம்மாவின் அறைக்குப் போய் உண்மையைச் சொல்லியிருக்க முடியும். முதல் நாளே சொல்லியிருந்தால் பழைய மாத்திரையையே மறுபடி கொடுத்துப் பார்த்திருப்பார்களோ என்னவோ. பிழைத்திருப்பாள் என்று எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியாது. அதை யாரிடமும் கேட்கவும் முடியாது. கேட்க வேண்டுமென்றால் முதலில் செய்ததைச் சொல்ல வேண்டும். அறை வாசல்வரை இரண்டு தடவை போனேன். உள்ளே வேறு நோயாளிகள் இருந்தார்கள். சுகாதாரத் துறைக்காரன் என்று என்னை அண்ணாச்சி போட்டுப் பேசிய நர்சுகள் இருந்தார்கள். வெட்கமாக இருந்தது, திரும்பி வந்துவிட்டேன். என் மகள் உயிரையும் என் வெட்கத்தையும் ஒரு வாசலில் வைத்துப் பார்த்து, வெட்கத்தை எடுத்துக்கொண்டு வந்தவன் நான்.

அதன் பிறகு நீ வீட்டுக்கு வருவதைக் குறைத்தாய். வந்தாலும் அக்கா பேச்சை எடுக்கமாட்டாய். நோயை நினைத்து வெட்கப்படுகிறான், தனக்குப் பெண் கிடைக்காது என்று பயப்படுகிறான் என்றுதான் ரொம்ப நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். போட்டோவை எடுக்கச் சொன்னபோதும் அந்தக் கோபம்தான். ஆனால் அன்று மோர் ஊற்றும்போது நீ இலையைப் பார்த்த பார்வையில் வேறு ஒன்று இருந்தது. டோஸைக் குறைக்கச் சொன்ன உன் போன்தான் அவளைக் கொன்றது என்று ஆறு வருஷமாக நீ நினைத்துக்கொண்டிருக்கிறாயோ? அப்படியானால் இன்றோடு அதை விட்டுவிடு. உன் பேச்சைக் கேட்டு எதுவும் நடக்கவில்லை. நீ போன் செய்வதற்கு இரண்டு நாள் முன்னாலேயே நான் அந்த மாத்திரையை வாங்கிவிட்டேன். உன்னை ஆறுதல்படுத்த இதைச் சொல்லவில்லை. என்னுடையதை நீ தூக்கிக்கொண்டு திரிய வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். உன்னுடையது வேறு. அக்காவே இல்லை என்று ஒரு பெண்ணை நம்பவைத்துக் கட்டிக்கொள்ளப் போகிறாயே, அது உன்னுடையது.

நித்யாவிடம் சொல்லிவிடு. அவள் கோபப்பட்டுக் கல்யாணத்தை நிறுத்தினால் நிறுத்தட்டும். லூபஸ் அப்படியே வழிவழியாக இறங்கும் நோய் இல்லை, கூடப்பிறந்தவர்களின் பிள்ளைகளுக்கு வருவது அபூர்வம் என்று டாக்டரம்மா அன்றைக்கே சொல்லியிருக்கிறார். ஆனால் வராது என்று அடித்துச் சொல்லவில்லை. நாளைக்கு உனக்கு ஒரு மகள் பிறந்து, வெயிலில் விளையாடி வந்தவளின் கன்னம் சிவந்து, விரல் மடங்கவில்லை என்று அழுதால், அந்த வீட்டில் ஒருத்திக்காவது அது என்ன என்று உடனே சந்தேகம் வர வேண்டும். நீ வாயை மூடிக்கொண்டிருந்தால், என்னைப் போலவே நீயும் ஒரு நாள் பஸ்ஸில் உட்கார்ந்து அந்தப் பிள்ளையைப் பார்த்து நடிக்காதே என்று சொல்வாய். நம் ரத்தத்தைப் பற்றி நீ உன் பிள்ளைகளிடம் ஏதாவது சொல்வதானால் இந்தக் கதையைச் சொல். என் அப்பாவுக்குக் காய்ச்சல் வராத கதையை மட்டும் தனியாகச் சொல்லாதே.

இதோடு முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் உனக்கு அனுப்பும் முன்னால் உன் அம்மா இதைப் படிக்க வேண்டும் என்று தோன்றியது. அவளுக்குத் தெரியாமல் உனக்குச் சொல்வது இன்னொரு திருட்டு. இன்று காலை பத்து மணி இருக்கும், அவள் வாளியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கண்ணாடியைப் போட்டு, ஒவ்வொரு தாளாகப் படித்தாள். மாத்திரை விஷயம் வரும் இடத்தில் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடிப்பாள், அழுவாள், அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன். அவள் கடைசித் தாளையும் படித்து, வரிசையாக அடுக்கி, என் மடியில் வைத்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. "என்ன தெரியும்?"

"மாத்திரைய மாத்துனது. கருமாதிக்கு மறுநா ஒங்க சட்டையத் தொவைக்கப் போட்டேன். பையில பாதி மாத்திர அட்ட கெடந்துச்சு. அவ மாத்திர மாதிரியே வெள்ளையா இருந்துச்சு, அட்டையில பேரு மட்டும் வேற. கடையில கொண்டுபோயிக் காட்டிக் கேட்டேன். சத்து மாத்திரைன்னு சொன்னான்."

ஆறு வருஷம். "எங்கிட்ட ஏன் கேக்கல? ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தபடி அவள் சொன்னாள்: "கேட்டா நீங்க அழுதிருப்பிய. காலுல விழுந்திருப்பிய. ஊருல நாலு பேரு வந்து, மகளப் பறிகுடுத்த மனுசன், போகட்டும் விடுன்னு எனக்குப் புத்தி சொல்லிருப்பாவ. நானும் விட்டிருப்பேன். ஒங்களுக்குப் பாரம் எறங்கிருக்கும். எதுக்கு எறங்கணும்?"

அவள் குரல் ஏறவே இல்லை. வெயில் போகும் முன் துணி காய வேண்டும் என்று சொல்வதைப் போல்தான் சொன்னாள். பிறகு என் பக்கத்தில் கிடந்த போனை எடுத்து நீட்டினாள். "அந்த ஈரோட்டுப் பிள்ள நம்பர எடுத்துத் தாங்க." லிங்கம் சொல்லட்டும், அவன்தான் சொல்ல வேண்டும் என்றேன். "நீங்க ரெண்டு பேரும் அன்னைக்குச் சொன்னதே போதும்" என்றாள். நம்பரை எடுத்துக் கொடுத்தேன்.

போனைக் காதில் வைத்துக்கொண்டு உள் அறைக்குப் போனாள். கதவைச் சாத்தும் முன்னால் அவள் சொன்ன முதல் வார்த்தைகள் மட்டும் கேட்டன. "நித்யா, நான் லிங்கத்தோட அம்மா பேசுதேன். எனக்கு மூத்தது ஒரு பொம்பளப் பிள்ள இருந்தா, தாயி. பேரு உலகம்மா." அந்தப் பக்கம் என்ன பதில் வந்தது என்று எனக்குத் தெரியாது. நித்யா சொன்னால் நீயே கேட்டுத் தெரிந்துகொள். முக்கால் மணி நேரமாக உன் அம்மா உள்ளே பேசிக்கொண்டிருக்கிறாள். நடுவில் ஒரு தடவை சிரித்ததுபோல்கூடக் கேட்டது. இந்த வீட்டில் அவள் இவ்வளவு பேசி நான் கேட்டு ஆறு வருஷம் ஆகிறது. கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து இந்தக் கடைசி வரிகளை எழுதுகிறேன். உள்ளே வா என்று அவள் என்னைக் கூப்பிடவில்லை.

அப்பா